கரி தேர்ந்தெடுத்த மணல்

கரி ஒரு வெள்ளைப் பூனை. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்படப் பட்டறையில் பிறந்து, அங்கிருந்த மணலில் புரண்டு, உலைப் புகையில் வளர்ந்த பூனை அது. யார் பார்த்தாலும் சாம்பல் பூனை என்றுதான் சொல்வார்கள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் தன்னைத் தானே நக்கித் துடைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே இருந்த வெள்ளை வெளியே வந்தது. "ஐயையோ, யாரோ பூனைய மாத்திட்டாங்க!" என்று ஒரு நாள் காலையில் வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் மாடிப்படியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

வீட்டுக்காரரை அவரோடு வேலை செய்பவர்கள் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடப் பொருள்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் முப்பத்திரண்டு வருடமாக மணல் சலிக்கிறவர். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சல்லடை; மேலே இருப்பதற்குக் கண் பெரிது, கீழே போகப் போகச் சிறிது. மணலை மேலே கொட்டிக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போட்டு, கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்து, அடியில் 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தூண் எழும்பாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம். கடையில் வாங்கிய சர்க்கரையைக்கூட இரண்டு விரலில் தேய்த்துப் பார்க்காமல் டப்பாவில் கொட்டவிட மாட்டார். சல்லடை பொய் சொன்னாலும் தன் விரல் பொய் சொல்லாது என்பது அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வது.

கரி அவருடைய அண்ணன் வளர்த்த பூனை. அண்ணன் வார்ப்படப் பட்டறையில் மணலை இறுக்கி அச்சு பிடிப்பவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பூனை. இரண்டு மாதம் முன்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு தகரப்பெட்டியும் இந்தப் பூனையும். தகரப்பெட்டி பரணுக்குப் போயிற்று. பூனை நடுவீட்டுக்கு வந்தது.

அண்ணன் தம்பிக்குள் ஒரே ஒரு சண்டை உண்டு. அது முப்பது வருடச் சண்டை. எது நல்ல மணல் என்பதுதான் விஷயம்.

"பெருசு, நடுத்தரம், சிறுசு எல்லாம் கலந்திருக்கணும். அப்பத்தான் சந்து பொந்தெல்லாம் அடைச்சு கலவை கெட்டியா நிக்கும்" என்பார் தம்பி.

"எல்லா மணியும் ஒரே அளவா இருக்கணும்டா. அப்பத்தான் நடுவுல காத்து போக வழி இருக்கும். உன் மணல்ல இரும்ப ஊத்தினா அச்சு வெடிச்சு உன் மீசை போயிடும்" என்பார் அண்ணன்.

"அது மணலே இல்ல. மாவு. எங்க கூடத்துக்கு வந்தா பாக்காமலே தேறவில்லைன்னு எழுதுவேன்."

"பாக்காமலே எழுதுவ. அதான் உன் கோளாறு. ஒரு தடவை வந்து கையில எடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசு."

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்பார் தம்பி. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோதும் அதையேதான் சொன்னார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. அவர் பட்டறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது அண்ணனை எடுத்துப்போகத்தான். அன்றைக்கு யார் மணலைப் பார்த்தார்கள்? அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனாலேயே பூனையை யாருக்கும் கொடுக்க மனமில்லை. அண்ணனோடு ஒரே அறையில் இருந்த உயிர் என்று உலகத்தில் அவருக்குத் தெரிந்து மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால் கரி தட்டில் போகாது. கழிப்பறைக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதில் மணல் நிரப்பி, தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தாலும், ஏதோ அவமானம் நடந்துவிட்டதைப் போல எகிறிக் குதித்து ஓடிவிடும். அப்புறம் எங்கே போகும்? குளியலறை மூலையில் போகும்; கொஞ்சம் கண் அசந்தால் வீட்டுக்காரியின் துணியில் போகும்.

வீட்டுக்காரிக்குத் திரைச்சீலை தைக்கிற தொழில். வீட்டின் முன்னறை முழுக்கத் துணிதான். அந்த மாதம் ஒரு பெரிய கூட்ட அரங்கத்துக்குப் பதினான்கு திரை, எல்லாம் கருஞ்சிவப்பு வெல்வெட். கரி மூன்று தடவை அதில் போய்விட்டது. முதல் தடவை துவைத்தாள். இரண்டாம் தடவை வெட்டி எறிந்தாள். மூன்றாம் தடவை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"உங்க அண்ணன் பூனைன்னு வாயத் திறக்காம இருந்தேன். வெள்ளிக்கிழமை நான் இதையெல்லாம் குடுக்கணும். இன்னொரு தடவை நடந்துச்சுன்னா பூனை இங்க இருக்காது. தானியக் கிடங்குக்காரரு எலி பிடிக்கப் பூனை வேணும்னு கேட்டுட்டு இருக்காரு."

அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. கிடங்குக்குப் போகும் பூனைக்குப் பெயர்கூட இருக்காது. அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைக்குப் போனார். பூனை மணலில் இத்தனை வகையா என்று வாயைப் பிளந்தார். மரத்தூள் உருண்டை, காகித உருண்டை, கண்ணாடி மாதிரி மின்னும் பரல், பூ வாசனை போட்ட களிமண் கட்டி. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பூனை சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண் ஒரு பொடி வகையைக் காட்டி, "நெறைய பேர் இதத்தான் வாங்குறாங்க சார். நைசா இருக்கும், வாசனை கெடையாது, நனைஞ்சா கட்டியாயிடும், அள்ளிப் போட்டுரலாம்" என்றாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.

"மாவா இருக்கும்மா. இது தேறாது" என்றார்.

பூனைக்கு வாங்க வந்தவர் தூணுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான்கு வகை வாங்கிக்கொண்டார். ஐந்தாவதாகக் கூடத்திலிருந்து தானே கழுவிக் காயவைத்த, பெரிதும் சிறிதும் கலந்த, எந்தப் பரிசோதனையிலும் தேறக்கூடிய அருமையான ஆற்று மணலைப் பையில் கொண்டுவந்தார். பால்கனியில் ஐந்து தட்டு. வரிசையாக எண் எழுதி ஒட்டினார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

கரி வந்தது. மரத்தூள் உருண்டையில் முன்காலை வைத்தது, எடுத்துவிட்டது. காகிதத்தை மோந்து பார்த்ததோடு சரி. பரல்மேல் ஏறி, சுருக்கென்று குத்தியதோ என்னவோ, நாலு காலையும் தனித்தனியாக உதறியது. பூ வாசனைத் தட்டுக்கு அருகில் போகக்கூட இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றி நடந்தது. கடைசியில் அவருடைய சொந்த மணல். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கரி ஏறியது. ஒரு தடவை கீறியது. பிறகு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

முப்பத்திரண்டு வருடத்தில் அவரை யாரும் இப்படி நிராகரித்ததில்லை. நோட்டில் ஐந்து எண்ணுக்கு நேராகவும் 'தேறவில்லை' என்று எழுதினார்.

உள்ளே இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த ரூம்ல எத்தனை துணி கெடக்கு? லினன் கெடக்கு, கேன்வாஸ் கெடக்கு, முரட்டுப் பருத்தி கெடக்கு. அதுல ஒரு நாளாவது போச்சா? மூணு தடவையும் வெல்வெட்டு. நாலு வகை வெல்வெட்டு வச்சிருந்தேன், அதுலயும் இருக்கறதுலயே நைசானது எதுவோ அதுல. நானே கண்ண மூடித் தடவிப் பாத்துத்தான் பிரிப்பேன். அது எப்படிக் கண்டுபிடிச்சுதோ."

சல்லடை நோட்டை மூடினார். இவ்வளவு நாளும் அவர் பூனை எங்கே போகவில்லை என்றே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று பார்த்தவள் இவள். பூனை தப்புச் செய்யவில்லை, தேடியிருக்கிறது. வீடு முழுக்கக் காலால் தடவித் தடவி, தனக்குப் பழக்கமான மெதுமெதுப்பு எங்கே இருக்கிறது என்று தேடி, கிடைத்ததிலேயே நெருங்கியதில் போயிருக்கிறது.

"எழுந்திருங்க. பட்டறைக்குப் போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

புதன்கிழமை காலை போனார். அண்ணனோடு வேலை செய்த உலைக்காரர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் உரக்கச் சிரித்தார்.

"தம்பி, கரி அவ்வளவு லேசுல எறங்கி வராதே. இந்தத் தரையில கெடக்குற கறுப்பு மணல்ல போகும்னு நெனச்சீங்களா? உங்க அண்ணன் விடமாட்டாரு. கரித்தூள் கலந்தது, பூனை காலை நக்கும், ஆகாதும்பாரு. அதுக்குன்னு புது மணலத் தனியாச் சலிச்சு, தூசி போகக் கழுவி, அச்சு பிடிக்கிறதுக்குப் போடுவோம்ல களிமண் தூளு, அதக் கொஞ்சம் சேத்து, வாளியில வச்சிருப்பாரு. அவரு ரூம்ல இன்னும் அரை வாளி இருக்கும். யாரும் தொடல."

அண்ணனின் அறையில் கட்டிலுக்கு அடியில் வாளி இருந்தது, மேலே ஒரு பலகை மூடியிருந்தது. சல்லடை குனிந்து, பலகையை நகர்த்தி, முதன்முதலாக அந்த மணலைக் கையில் எடுத்தார். விரல்களுக்கு இடையே அது நழுவிய விதத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சொரசொரப்பு இல்லை, ஒரு நெருடல் இல்லை. மாவு என்று முப்பது வருடம் கேலி செய்தாரே, அது மாவும் இல்லை. மணி மணியாகத்தான் இருந்தது. அவர் இதுவரை தொட்ட எதைப்போலவும் அது இல்லை.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினார். தட்டில் கொட்டி முடிப்பதற்குள் கரி ஓடி வந்தது. தட்டின் விளிம்பில் நின்றது. முன்காலை நீட்டி வைத்தது. வைத்த காலை எடுக்கவில்லை. அப்படியே சில நொடி அசையாமல் நின்றது. பிறகு உள்ளே இறங்கி, அவர் கேட்டே இராத ஒரு குரலில், தொண்டைக்குள்ளிருந்து மெல்லக் கத்தியது. தோண்டியது, திரும்பியது, உட்கார்ந்தது. முடிந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் மணலை இழுத்து மூடி, மோந்து பார்த்து, போதவில்லையென்று இன்னும் கொஞ்சம் மூடியது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அரை வாளி எத்தனை நாளைக்கு வரும்? ஒரு பிடி மணலைக் கூடத்துக்கு எடுத்துப் போனார். களிமண்ணைக் கழுவிப் போக்கி, காயவைத்து, ஏழு சல்லடையில் ஏற்றிக் குலுக்கினார். முதல் ஐந்தும் காலி. ஆறாவதில் கிட்டத்தட்ட மொத்தமும். ஏழாவதில் பேருக்குக் கொஞ்சம். தராசு பழுதோ என்று இன்னொரு தராசில் போட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஒரே சல்லடையில் நின்றது. தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, எப்போதும் சாய்வாக ஏறும் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. எடைக்கல் இல்லை, எந்திரம் இல்லை. ஒரு கைச்சல்லடையும் விரலும் வைத்துக்கொண்டு, அதுவும் ஒரு பூனை வெளிக்குப் போவதற்காக, ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார். அந்த மனிதரிடம்தான் இவர் முப்பது வருடம் வாய்ச்சவடால் அடித்திருந்தார்.

உலைக்காரர் புது மணலும் களிமண் தூளும் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை விடுப்பு. விடிந்ததிலிருந்து சல்லடை சலித்தார், கழுவினார், வெயிலில் பரப்பினார், மறுபடி சலித்தார். மாலையில் முதல் தட்டு தயார். ஒரு கையில் அண்ணன் மணல், ஒரு கையில் தன் மணல், கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். இம்மியளவு வித்தியாசம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டார். வெல்வெட் பிரிக்கும் விரலால் அவளும் தேய்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

அண்ணன் தட்டை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, புதுத்தட்டை அதே இடத்தில் வைத்தார்கள். கரி வந்தது. காலை வைத்தது. எடுத்தது. உதறியது. இன்னொரு காலை வைத்தது. அதையும் எடுத்து உதறிவிட்டு, திரும்பி, நேராக முன்னறையைப் பார்த்து நடந்தது. அங்கே பதின்மூன்று திரை மடித்து அடுக்கியிருந்தது. பதினான்காவது தையல் எந்திரத்திலிருந்து தரையில் வழிந்து கிடந்தது. கரி அதன்மேல் ஏறி நின்று சுற்றத் தொடங்கியது. அவர் பாய்ந்து போய் அள்ளித் தூக்கினார்.

"அதுக்குப் பிடிவாதம்ங்க. வேணும்னே பண்ணுது" என்றாள் மனைவி. அவள் முகம் மாறியிருந்தது.

"கொஞ்சம் பொறு. அது சொல்றது சரியா தப்பான்னு பாத்துட்டு வரேன்" என்றார் அவர். அலமாரித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, புது மணலில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து, சலித்த கைச்சல்லடையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது.

ஏழு சல்லடை. குலுக்கினார். ஆறாவதில் எண்பத்தொன்பது. ஐந்தாவதில் ஏழு. அண்ணன் மணலில் ஐந்தாவது காலி; இவருடையதில் நூற்றுக்கு ஏழு பங்கு பருமன் கூடிய மணி நின்றுவிட்டிருந்தது. அவருடைய கைச்சல்லடையின் ஓரத்தில் ஒரு கம்பி விலகியிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பிறகுதான் கண்டார்.

சல்லடை அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தூண்கள் நம்பிய விரல், வெல்வெட் நம்பிய விரல், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டன. நூற்றில் ஏழை, ஒரே ஒரு தடவை கால் வைத்துக் கண்டுபிடித்தது ஒரு பூனை. பட்டாணி அகலம்கூட இல்லாத இளஞ்சிவப்புச் சதைத்திண்டு ஒன்று அதன் பாதத்தின் அடியில் இருக்கிறது. தினமும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த அந்தப் பாதத்தை அவர் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அண்ணன் பார்த்திருக்கிறார். அதற்கு ஏற்ற மாதிரி சலித்திருக்கிறார். இந்தப் பூனையிடம் தேறித் தேறித்தான் அவர் கை அப்படி ஆகியிருக்க வேண்டும்.

கூடத்துச் சல்லடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வெள்ளிக்கிழமை காலையில் மனைவி கடைசித் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பால்கனியில் குந்தி உட்கார்ந்து கடைசிப் பிடியைச் சலித்தார். களிமண் தூளைக் கலந்தார். உள்ளங்கையில் ஒரு பிடி வைத்து இறுக்கினார்; பிடித்தபடி நின்றது. கட்டைவிரலால் தொட்டார், பொலபொலவென்று உதிர்ந்தது. தட்டில் நிரப்பி, பழைய தட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார். எந்திரச் சத்தம் நின்றது. அரங்கத்துக்குத் திரைகளை ஏற்றிப்போக வாடகைக்குப் பேசியிருந்தது கிடங்குக்காரரின் வண்டியைத்தான்; அது பதினொரு மணிக்கு வரப்போகிறது. வண்டியில் ஒரு பூனைக்கும் இடம் இருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கரி சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. விளிம்பில் நின்றது. முன்காலை வைத்தது.

அவர் அந்தக் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழும்பவில்லை. விரல்கள் விரிந்தன, மெல்ல அழுந்தின, மறுபடி விரிந்தன. பிறகு இரண்டாவது கால் இறங்கியது. மூன்றாவது, நான்காவது. தொண்டைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. கரி தோண்டத் தொடங்கியது.

உள்ளே மனைவி மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. அவள், "வண்டி வரட்டும், திரைய மட்டும் ஏத்தி அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எந்திரத்தை ஓட்டினாள்.

சல்லடை சட்டைப்பையிலிருந்து கூடத்தின் சீட்டு ஒன்றை எடுத்தார். 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதப் போய், நிறுத்தி, 'கரி' என்று எழுதினார். 'முடிவு' என்ற இடத்தில் 'தேறியது' என்று எழுதினார். எழுதிய கையிலும் மணல் ஒட்டியிருந்தது. பூனை தன் வேலையை முடித்து, மூடி, மோந்து, திருப்தியாகி இறங்கி அவர் முழங்காலில் உரசியது. அவர் குனிந்து, தட்டின் ஓரத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி விரல்களுக்கு இடையே மெல்ல நழுவவிட்டார்.

"கையில எடுத்துப் பாத்துட்டேண்ணே" என்றார். "நல்ல மணல்தான்."